டாக்டர் லெயாந்த்ரோஸின் சிவப்பு முட்டை

கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்தில் புற்றுநோய்க்கு முதல் எதிரி யார் என்று கேட்டால் எல்லோரும் பேராசிரியர் அகிசிலாவோஸைத்தான் காட்டுவார்கள். கட்டி என்று ஒன்று கண்ணில் பட்டால் வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒருநாள் கை பரபரத்து, கத்தியைப் பிடுங்கி மூட்டை முழுவதையும் முடித்துக் கொடுத்தாராம். தையலும் போட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் நம்பவில்லை.

டாக்டர் லெயாந்த்ரோஸ் வேறு மாதிரி ஆள். அகிசிலாவோஸ் வேலை பார்த்த அதே ஆராய்ச்சிக் கழகத்தின் நிலவறையில் உட்கார்ந்துகொண்டு, கட்டியை வெட்டவே வேண்டாம், பட்டினி போட்டால் போதும் என்று சொல்லி வந்தார். கட்டி குண்டூசித் தலை அளவைத் தாண்ட வேண்டுமானால் அதற்கு ரத்தம் வேண்டும். ஆகவே அது அக்கம்பக்கத்து ரத்தக் குழாய்களுக்கு ஆள் அனுப்பி, கிளை விட்டு வரச் சொல்கிறது. அந்த ஆளை வழியில் மறித்துவிட்டால் கட்டி குண்டூசித் தலையாகவே கிடந்து காலம் தள்ளும். இதை அவர் எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் சிரிப்பு எழுந்தது.

"கட்டி குழாய் இணைப்புக்கு மனுப் போடுதாக்கும்?" என்பார் அகிசிலாவோஸ். "அது வெறும் வீக்கம்ப்பா. புண்ணு இருந்தா சுத்திச் சிவக்கத்தான் செய்யும்."

லெயாந்த்ரோஸின் சாட்சிகள் எல்லாம் கோழிமுட்டைக்குள் இருந்தன. குஞ்சு வளரும் முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் சவ்வின் மேல் புற்றுத் துணுக்கு ஒன்றை வைத்து, ஒட்டுநாடாவால் மூடி, அடைகாக்கும் பெட்டியில் வைப்பார். மருந்து போடாத முட்டையில் ரத்தக் குழாய்கள் சக்கரத்து ஆரங்கள் போலத் துணுக்கை நோக்கி ஓடி வரும். துணுக்கு தின்று கொழுத்துப் பட்டாணி ஆகும். மருந்து போட்டதில் ஒரு குழாயும் எட்டிப் பார்க்காது.

அந்த வருஷம் ஆய்வுக் குழு வந்து பார்ப்பதாக இருந்தது. தலைவர் அகிசிலாவோஸ். குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் அடைகாக்கும் பெட்டியைத் தூக்கிவிட்டு, நிலவறையைச் சிற்றுண்டிச்சாலைக்கு வெங்காயக் கிடங்காகக் கொடுத்துவிடுவார்கள். நோன்பிருக்கும் தபசு காலத்தில் பசியோடு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதால் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வருவதாக ஏற்பாடு.

பெட்டிக்குள் இருந்த ஈரத்தில் முட்டைகளின் சீட்டுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. எது மருந்து போட்டது, எது போடாதது என்று குழம்பக் கூடாதே என்று, நுண்ணோக்கிக்குச் சதைத் துணுக்குகளைச் சாயமேற்றும் சிவப்புத் திரவத்தை எடுத்து, மருந்து போட்ட முட்டைகளுக்கெல்லாம் லெயாந்த்ரோஸ் பூசினார்.

உதவியாளர் எவாந்தியா அம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் டாக்டரே, ஈஸ்டர் சமயத்துல எவனாச்சும் முட்டைக்குச் சிவப்பு அடிப்பானா?"

"எல்லாருந்தான் அடிக்கிறாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்."

லெயாந்த்ரோஸுக்கு விளங்கவில்லை. ஈஸ்டரன்று ஊரே ஒரே நேரத்தில் மின்னடுப்பு போட்டதில் மின்சாரம் போய், பெட்டி குளிர்ந்து, சிவப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும்தான் பிழைத்தன.

ஆய்வுக் குழுவின் மூன்று பேரும் ஆட்டுக்கறி மயக்கத்தோடு படியிறங்கி வந்தார்கள். அகிசிலாவோஸின் முகம் மட்டும் துக்க வீட்டு முகமாக இருந்தது. ஈஸ்டருக்கு அங்கே இருவர் 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்று வாழ்த்திச் சிவப்பு முட்டைகளை மோதவிடுவார்கள்; எவர் முட்டை உடையவில்லையோ அவருக்கே வெற்றி. அந்த முட்டை மோதலில் வாழ்நாளெல்லாம் தோற்காதவர், இந்த ஈஸ்டரில் மருமகனிடம் தோற்றுப்போனார். மருமகனோ வெறும் பல் டாக்டர்.

லெயாந்த்ரோஸ் ஒரு கையில் வெள்ளை முட்டையை வைத்துக்கொண்டு, மறுகையால் சிவப்பு முட்டையை எடுத்துக் காட்டினார். "இது மருந்து போட்டது. ஐயா இந்த ஜன்னல் வழியாப் பார்த்தீங்கன்னா..."

அகிசிலாவோஸ் முட்டையை வாங்கினார். உள்ளங்கையில் உருட்டினார். கூர்முனையை மேலே கொண்டுவந்தார். அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார்.

பேச்சு வரத் தொடங்கிய நாள் முதல் பழகிய வாயும் கையும் ஆராய்ச்சியாளர் சொன்னால் கேட்குமா? "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று சொல்லி, லெயாந்த்ரோஸின் கை அதிலிருந்த வெள்ளை முட்டையை நீட்டிவிட்டது.

டொக்.

வெள்ளை முட்டை பிளந்தது. ஆரங்கள் போல் ஓடிவந்திருந்த அத்தனை குழாய்களும் பேராசிரியரின் சலவைச் சட்டைக் கையில் ரத்தத்தைக் கொட்டின. நடுவில் பட்டாணி போன்ற கட்டி உருண்டு போய் அவருடைய பொத்தானில் ஒட்டியது.

"பாருங்கய்யா! எவ்வளவு குழாய் வந்திருக்கு பாருங்க!" என்று லெயாந்த்ரோஸ் கத்தினார்.

பேராசிரியர் பார்க்கவில்லை. அவர் சிவப்பு முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீறல்கூட இல்லை. குழு உறுப்பினர்கள் இருவரும் பையிலிருந்து தத்தம் முட்டைகளை எடுத்தார்கள். டொக். டொக். இரண்டும் போயின.

"ஏம்ப்பா," என்று அகிசிலாவோஸ் குரலைத் தாழ்த்தினார், "இதுக்குள்ள என்ன போட்டே?"

"ரத்தக் குழாய் வளராம இருக்க மருந்துங்க. ஒட்டுநாடாவ எடுத்தா நீங்களே..."

"தொடாதே! ஜன்னலத் தொறந்தா ஓடு பலவீனமாயிரும்." முட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்லு. உன் மருந்து ஓட்டக் கெட்டியாக்குதா, இல்லையா?"

லென்ஸில் தெரியாத எதையும் லெயாந்த்ரோஸ் அதுவரை தெரியும் என்று சொன்னதில்லை. பெட்டியின் பக்கம் பார்த்தார். அது கணகணவென்று சூடாக இருந்தது. வாசலில் சிற்றுண்டிச்சாலைக்காரர் அளவுகோலோடு நின்றிருந்தார்.

"ஆக்குதுங்க," என்றார்.

அடைகாக்கும் பெட்டி இருக்கட்டும், முட்டை ஓட்டின் உறுதி பற்றிய ஆராய்ச்சி தொடரட்டும் என்று குழு அங்கேயே முடிவெடுத்தது. தலைவர் சிவப்பு முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மருமகன் வீட்டுக்குக் கிளம்பினார். சிற்றுண்டிச்சாலைக்காரர் அளவுகோலை மடக்கினார்.

"ரூம் தப்பிச்சுது," என்றாள் எவாந்தியா.

"சாட்சி போச்சே அம்மா."

"சாட்சி இங்க இருந்தப்போ எவன் பாத்தான்?"

மாலையில் தொலைபேசி மணி அடித்தது. எதிர்முனையில் அகிசிலாவோஸ், பின்னால் குடும்பமே ஒரே கூச்சல்.

"பல்லுப்புடுங்கி தோத்துட்டான்! ரெண்டு தடவ!" பிறகு குரல் மாறியது. "ஜெயிச்ச முட்டைய உடைச்சுப் பாக்கணும்ல, உடைச்சேன். உள்ள அந்தத் துணுக்கு அப்படியே இருக்குப்பா. குண்டூசித் தலை. வெளுத்துப்போய். சுத்தி ஒரு குழாயக் காணோம். நான் எத்தனை கட்டி பாத்திருப்பேன்... இப்படி ஒண்ணு பாத்ததில்ல. ஏன் வளரல?"

"அதத்தான்யா ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"கூட்டத்துல யாருப்பா கேக்கறா? லென்ஸ எடுத்துக்கிட்டு வா. சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியில சரியாத் தெரியல."

லெயாந்த்ரோஸ் கோட்டு மாட்ட மறந்து ஓடினார். கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில், எலும்புத் தட்டுகளுக்கு நடுவே, சாஸ் கிண்ணத்தில் முட்டை கிடந்தது. சுற்றி நின்ற உறவினர்களுக்கு அகிசிலாவோஸ் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கட்டின்னா என்ன? அது ரத்தத்துக்கு ஆள் அனுப்பும். அந்த ஆள மறிச்சாப் போதும். இத நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வர்றேன்."

"அப்ப வெட்ட வேண்டாங்கறீங்களா மாமா?" என்றான் பல் டாக்டர்.

"வாயில கைய வச்சுப் பொழைக்கிறவனுக்கு இதெல்லாம் புரியாது." அப்போதுதான் வாசலைப் பார்த்தார். "வா வா! இவரு நம்ம முட்டைக்காரரு. லென்ஸக் குடுப்பா."

லெயாந்த்ரோஸ் லென்ஸைக் கொடுக்கவில்லை. தட்டுகளை ஒதுக்கிவிட்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, குனிந்து முதலில் தானே பார்த்தார். சம்பந்தியம்மாள் முதல் குழந்தைகள் வரை அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்ற பேராசிரியர், "போதும்ப்பா, என் முறை" என்று தோளை இடித்துக்கொண்டே இருந்தார்.