முத்துக்கனி வீட்டு வாசலில் நின்றவர்கள்

மேலக்கரிசலில் யாருடைய படத்தையாவது ஃபோனில் போட்டால், அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் படத்தில் இருப்பவரின் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவரவர் ஊரில் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பார்கள், இங்கே வந்தும் நிற்பார்கள். பேசமாட்டார்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார்கள். படத்தைப் பார்த்தபோது முகம் எப்படி இருந்ததோ அதே முகத்தோடு வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படத்தை நீக்கிவிட்டால் போய்விடுவார்கள். போனபிறகு என்ன ஆகிறார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது.

ஆகையால் ஊர்ப் பெண்பிள்ளைகளின் ஹாக்கி கிளப் இந்த விஷயத்தில் படு கறார். பிள்ளையைக் கேட்க வேண்டும், வீட்டில் கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் சரி என்றால்தான் படம். அப்போதும் முதுகை மட்டும்தான் எடுக்க வேண்டும். கிளப்பின் இணையப் பக்கத்தில் எட்டு வருஷமாக எண் போட்ட முதுகுகள்தான். முதுகை வைத்து வீடு கண்டுபிடிக்க முடியாது என்பதால், பார்த்தவர்கள் கிரவுண்டு வேலியோரம் வந்து, அவர்களும் முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். யாருக்கும் தொந்தரவில்லை.

இந்த விதிகளை எழுதி கிளப் அறையில் ஒட்டியவர், ஊரே டீச்சர் என்று கூப்பிடும் கோச் பியூலா. மறந்ததும் அவரேதான். சட்டம் போடுகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு மறதி இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து ஊர் அணியோடு இறுதிப் போட்டி. கடைசி பெனால்டி, கோல்கீப்பர் முத்துக்கனியின் கால் இடுக்கில் புகுந்து உள்ளே போனது. பதினான்கு வயதுப் பிள்ளை. ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, கோலுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து அழுதாள். பியூலாவுக்கு மனசு உருகிவிட்டது. படம் எடுத்தார். ‘எங்க முத்துக்கனி, தோத்தாலும் சிங்கம்’ என்று எழுதி, வடக்குத் தெரு என்று தெருப் பெயரையும் பாசத்தோடு சேர்த்து, பெற்றோர் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் முத்துக்கனியின் அம்மா கோமதி ஃபோன் செய்தார். தோசை மாவு அரைத்து விற்கிற பெண். காலை நேரத்தில் வெட்டிப் பேச்சுக்கு ஃபோனைத் தொடுகிற ஆளில்லை.

“டீச்சர், வாசல்ல ஆள் நிக்காங்க. மாவு வாங்க வாறவங்களுக்கு நிக்க எடம் இல்ல.”

“எத்தன பேரு?”

“தெருமுக்கு வரைக்கும் நிக்காங்க. கொஞ்சப் பேரு சிரிக்காங்க. பிள்ள ஜன்னலச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கா.”

மறுநாள் சனிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். இரண்டு வருஷமாக முத்துக்கனி அந்த ஒரு நாளைச் சொல்லிச் சொல்லித்தான் மற்ற நாட்களைத் தள்ளினாள்.

பியூலா உடனே படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கினார். முத்துக்கனிக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கை துடித்தது. ஆனால் பிள்ளைகளுக்கு யாரும் தனியாக அனுப்பக் கூடாது என்பதும் கிளப் விதி. ஒன்றை மீறியதே போதும் என்று, கோமதியும் இருக்கிற குழுவில் எழுதினார்: ‘நாளைக்கு வருவேல்ல?’

முத்துக்கனியிடமிருந்து பதில் வந்தது: ‘அவங்க முதல்ல போகட்டும்.’

வடக்குத் தெருவுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பெரும்பாலோர் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், வாயில் பிரஷ்ஷோடு ஒரு பெண், மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாண ஜோடி. வரிசையாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். ஆனால் நாற்பத்தோரு பேர் நகரவில்லை. படத்தைத் தங்கள் ஃபோனில் எடுத்து வைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்கு மூலப்படம் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

பியூலா விசில் ஊதிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. “தவிர்க்க முடியாத காரணத்தால், கலைந்து செல்லுமாறு கிளப் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்” என்று சத்தமாகச் சொன்னார். அதற்கும் அசையவில்லை. கிளப் சார்பில் கேட்டால் யார்தான் அசைவார்கள்?

முதல் ஆள், எங்கோ ஓர் ஆபீஸில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பியூலா அவர் முன்னால் போனார்.

“இந்தப் பிள்ளகிட்ட கேக்காமப் போட்டது நான்தாங்க. தப்பு என்னோடது. அழிச்சிருங்க.”

அவர் ஃபோனை எடுத்து அழித்தார். நடந்து போனார். பியூலாவுக்கு உயிர் வந்தது.

அதன்பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் அதையே சொன்னார். ‘நான்தாங்க’ என்பதை விழுங்கினால் ஆள் நகரமாட்டார். தெளிவாகச் சொன்னால் நகர்வார். பத்தாவது ஆள்வரை கூச்சமாக இருந்தது. இருபதாவது ஆளுக்கு மேல் அது தன் பெயரைச் சொல்வதுபோலப் பழகிவிட்டது. மத்தியானம் கோமதி மோர் கொண்டுவந்து கொடுத்தார். கோபத்தோடுதான் கொடுத்தார். ஆனால் மோரில் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தது.

ஒரே ஓர் இளைஞன் மட்டும் மூன்று தடவை சொல்லியும் இளித்துக்கொண்டே நின்றான். பியூலா அவன் கையிலிருந்த ஃபோனில் தெரிந்த கணக்குப் பெயரை எழுதிக்கொண்டு காவல்துறைக்குப் புகார் அனுப்பினார். கோமதி அவன் மூக்குக்கு நேரே கொடி கட்டி ஈரச் சேலையைக் காயப்போட்டார். போலீஸ் பயமோ, பார்க்க ஒன்றும் இல்லாத சலிப்போ, நான்கு மணிக்கு அவனும் அழித்துவிட்டுப் போனான்.

தெரு காலியானது. ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

“இன்னும் ஒரு ஆள் நிக்காங்க டீச்சர்” என்றாள் முத்துக்கனி.

முருங்கை மரத்தடியில் பியூலாவே நின்றுகொண்டிருந்தார். வியாழக்கிழமை போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். மனசு உருகிய முகம். கழுத்தில் அதே விசில். பியூலா தன் ஃபோனைப் பார்த்தார். படம் அதில் பத்திரமாக இருந்தது.

“ஏட்டி, இது எனக்கு மட்டும்தானே? நான் இனி யாருக்கும் காட்ட மாட்டேன். நீ அதுல எவ்வளவு அழகா இருக்கன்னு ஒனக்குத் தெரியாது.”

“என்கிட்ட கேட்டீங்களா?”

பியூலா ஃபோனை இறக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் போய், நாற்பத்தோரு பேரிடம் சொன்னதை நாற்பத்திரண்டாவதாக, முதலில் சொல்ல வேண்டியவளிடம் சொன்னார்.

“ஒங்கிட்ட கேக்காமப் போட்டது நான்தான். தப்பு என்னோடது. இத வச்சிக்கிடட்டுமா, அழிக்கட்டுமா?”

“அழிச்சிருங்க.”

அழித்தார். மரத்தடியில் நின்ற பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசிலைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டை நோக்கி நடந்து போனார். ஜன்னல் முழுதாகத் திறந்தது. ரெண்டு நிமிஷத்தில் கதவும் திறந்தது. முத்துக்கனி வாசலில் நின்று தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

“நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்?” என்றாள்.

“ஆறரை.”

“கால் பேடு ரெண்டும் ஒங்க வீட்ல கெடக்கு. மறக்காம எடுத்துட்டு வாங்க.”

பியூலாவுக்கு அந்தத் தெருவிலேயே ஓர் ஆட்டம் ஆடிவிடலாம்போல இருந்தது. ஆடவில்லை. யாராவது படம் பிடித்துப் போட்டு, வாசலில் ஆள் நின்றுவிடுமோ என்ற கவலை இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை முத்துக்கனி ஏழு பெனால்டிகளில் ஆறைத் தடுத்தாள். கால் இடுக்கில் ஒன்றும் போகவில்லை. பட்டியலில் பெயர் வாசித்ததும், பியூலா ஃபோனைப் பையிலிருந்து எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். முத்துக்கனி கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். கோமதி தலையசைத்தார். முத்துக்கனி திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

பியூலா வீடு திரும்பியபோது சாயங்காலம். உள்ளே பச்சைச் சுடிதார் பியூலா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கணவர் தேவசகாயம் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இரண்டு பேருக்கும் அவர்தான் சுடுகிறார்.

“எடுத்துட்டாங்களா பிள்ளைய?” என்று கேட்டார் தேவசகாயம்.

“எடுத்துட்டாங்க.” சொல்லும்போதே பியூலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பச்சைச் சுடிதார் பியூலா அந்த முகத்தைப் பார்த்தார். மனசு உருகியது. ஃபோனைக் கையில் எடுத்தார்.

“போடலாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றார் பியூலா.

பச்சைச் சுடிதார் பியூலா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். தேவசகாயம் இரண்டு தட்டுகளிலும் தோசையை வைத்தார்.