நிற்காத வண்டிகள்

சவப்பெட்டியின் மேல் மணிமாறன் வைத்த மலர்வளையத்தை ஆரோக்கியசெல்வி தூக்கிக்கொண்டு போய், வாசலில் செருப்புகள் கிடந்த இடத்தில் போட்டாள். கம்பெனியின் பெயர் அதில் தங்க எழுத்தில் மின்னியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் மணிமாறன்.

"பாக்கட்டும். நேத்து பாக்கறதுக்கு ஒரு ஆளு இல்லாம போச்சே."

பெட்டிக்குள் அவள் தம்பி அறிவுச்செல்வன் இருந்தான். அவனும் மணிமாறனும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒலக்கூரில் காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையில்தான் முதல் வண்டியைச் செய்தார்கள். குடோனில் ஆள் இல்லாமல் தானாகவே சரக்கைச் சுமந்து போகும் குட்டை ரோபோ. அப்போது அக்காவுக்கு ஒரே வேலைதான். "அக்கா, குறுக்க நில்லு" என்பான் தம்பி. அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். வண்டி வேகமாக வந்து, அவள் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறும். மனுஷன் குறுக்கே இருந்தால் நிற்காதது வண்டியே இல்லை என்பான் அவன்.

பிறகு கம்பெனி வளர்ந்தது. திண்டிவனம் பைபாஸில் பெரிய குடோன், ஓசூர், புனே என்று ஆர்டர்கள். ஆரோக்கியசெல்வி அங்கேயே சூப்பர்வைசர் ஆனாள். வண்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகியதும், ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடுகிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். இனி நிற்கவும் வேண்டாம், அலறவும் வேண்டாம், ஒதுங்கிப் போகட்டும் என்று மணிமாறன் மாற்றினான். அறிவு கொஞ்ச நாள் சண்டை போட்டுவிட்டுச் சரி என்றான். அந்த மகா சாதனைக்குக் கேக் வேறு வெட்டினார்கள்.

நேற்று அவளுக்கு வார விடுமுறை. டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருக்க, சத்தம் போட்ட ஒரு சக்கரத்தைப் பார்க்க அறிவு தனியாக உள்ளே போயிருக்கிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மரியாதையாக ஒதுங்கி, அவனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. வண்டிகளைக் கண்காணிக்கும் மாடித் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்த பொன்னி, ஆரோக்கியசெல்விக்குக் கீழே வேலை பார்ப்பவள், அவள்தான் முதலில் பார்த்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பழையபடி நிக்கற மாதிரி மாத்து" என்றாள் ஆரோக்கியசெல்வி மணிமாறனிடம். "இப்பவே மாத்து."

"மாத்தறேங்க்கா. இந்த வாரம் மட்டும் வுடுங்க. மும்பைலருந்து பார்ட்டி வந்து வண்டி ஓடறத பாத்துக்கினு இருக்காங்க."

"அப்ப இன்னிக்கும் ஓடிக்கினுதான் இருக்குதா?"

மணிமாறன் குனிந்து மலர்வளையத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"கேக்கறேன் இல்ல?"

"ஓடுதுங்க்கா. அறிவும்தானே சரின்னான்?"

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்கு இரண்டு மடங்காகப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியின் பக்கம் திரும்பி, "நீயும்தானடா தலய ஆட்டன, எரும" என்று கத்தினாள். செத்தவனைத் திட்டாதே என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், ஷிப்டில் இருந்த பொன்னிக்குப் போன் போட்டாள்.

"தூணுல செவப்பு பட்டன் இருக்குதில்ல? பெட்டிய தூக்கறப்ப மிஸ்டு கால் குடுக்கறேன். அமுக்கிடு. எல்லா வண்டியும் நிக்கணும்."

"ஐயோ, வேல பூடுங்க்கா."

"நான் சொன்னேன்னு சொல்லு. போனா ரெண்டு பேருக்கும் சேந்தே போவட்டும்."

"திரும்ப ஓட வுடணும்னா மணிமாறன் சாரு போன்லருந்துதான் முடியும். அறிவு சாரும் இல்ல. அவர கூப்புட்டுக்கினே இருப்பாங்களே?"

"கூப்புடட்டும்."

ஃபாதர் ஜெபத்தை முடித்தார். பெட்டியைத் தூக்க ஆண்கள் வந்தார்கள். மணிமாறன் ஓரமாகவே நின்றான்.

"மணிமாறா, நீ வந்து முன்னால தோள் குடு" என்றாள் ஆரோக்கியசெல்வி. "அவன் கூட்டாளி நீதான?"

எவ்வளவு கோபம் இருந்தாலும் மனசு தங்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மணிமாறனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தேங்க்ஸ்க்கா" என்றான். அவன் நிஜமாகவே அழுதான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்தாள்.

அந்த ஊரில் பெட்டியைத் தூக்கிவிட்டால் கல்லறைக்குப் போகும்வரை கீழே இறக்க மாட்டார்கள், தோளும் மாற்ற மாட்டார்கள். தெரு முனை திரும்பும்போது மணிமாறனின் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவனுடைய இரண்டு கைகளும் பெட்டியைப் பிடித்திருந்தன. கழுத்தை மட்டும் திருப்பிக் கூட்டத்தில் அவளைத் தேடினான்.

"யாராச்சும் அந்த போன எடுங்கப்பா" என்றார் பின்னால் ஒருவர்.

ஆரோக்கியசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மணிமாறனுக்குப் பக்கத்தில் நடந்தாள்.

"யாரும் எடுக்க வேணாம். நடங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு நேராகப் பார்த்து நடந்தான். பெட்டியின் மூலை அவன் தோளில் அழுந்தியிருந்தது. வெள்ளைச் சட்டைக்குள் போன் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.