ஊர் கூப்பிட்ட பெயர்

"ஐம்பது லட்சம் சனந்தானப்பா இந்த நாட்டிலை," என்றான் யோசேப், சப்பாத்து நாடாவைக் கட்டியபடி. "குளிருக்கு ஹாண்ட்போல், மழைக்கு பட்மின்டன், வெயிலுக்கு சைக்கிள், காத்தடிச்சால் பாய்க்கப்பல். ஆனா உதைபந்து எண்டால் குளிருமில்லை, மழையுமில்லை."

"விளையாட்டைப் பற்றிக் கேட்டால் வாய் மூடாது. பால் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டால் மட்டும் காது கேக்காது," என்றாள் மனைவி மேரிசெலின்.

"இண்டைக்குக் கடையெல்லாம் பூட்டு. கூட்டாளி நீக்கிலாசின்ரை றூமிலை மட்ச் பாத்திட்டு வாறன். ரஷ்யாவோடை."

"ரஷ்யாவோடையோ? தோத்துப்போய்த்தான் வருவியள்."

"நானே விளையாடப்போறன்?" என்று சிரித்துக்கொண்டு போனான்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம். மன்னாரிலிருந்து அவர்கள் இந்தக் குளிர்நாட்டுச் சின்ன ஊரான ஸ்கீவவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேரிசெலினுக்கு இந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரியும். மகள் கத்தரீனாவுக்கு நாலு வயது. மகள் என்ற சொல் தாயின் வாயில் எப்போதும் 'மோள்' என்று சுருங்கிவிடும். பிள்ளையும் அதையே தன் பெயரென்று நம்பியிருந்தாள். கத்தரீனா என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

குழாயைத் திறந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது வெளியே ஏதோ இரைந்தது. காற்றாக்கும் என்று நினைத்தாள். உலையை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தால், மண் விளையாடிய பிள்ளை இல்லை. மண்ணுக்குள் குத்திய கரண்டி மட்டும் நின்றது.

தெருவுக்கு ஓடினாள். நல்ல வெயில். ஆனால் ஒரு மனிதர்கூட இல்லை. ஒரு வீட்டில் புல்லைப் பாதி வெட்டியபடி யந்திரம் கைவிடப்பட்டிருந்தது. அடுத்த வீட்டுத் தோட்ட மேசையில் கோப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது, குடிக்க ஆளில்லை. மதிலோரம் ஒரு சைக்கிள் விழுந்து கிடக்க, அதன் சில்லு இன்னும் மெல்லச் சுழன்றது.

மேரிசெலின் நடுத்தெருவில் நின்றாள். ஊர் இப்படி வெறித்துக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான் அவளுக்குத் தெரியும்: ஊரடங்கு. ஆமி வருகிறது. வெளியே நிற்பவர்களைக் கேள்வி கேட்கமாட்டார்கள். அவளை அறியாமலே இரண்டு கைகளும் தோளுக்கு மேலே உயர்ந்தன. அப்படியே நடந்தாள்.

அப்போதுதான் வீடுகள் கத்தின.

எல்லா வீடுகளும், ஒரே நேரத்தில். ஆணும் பெண்ணுமாக, மூடிய சன்னல்களுக்குப் பின்னாலிருந்து ஒரே சொல்.

"மோ...ள்!"

மேரிசெலின் உறைந்துபோனாள். முகம் தெரியாத ஊர், அவளுடைய பிள்ளையைக் கூப்பிட்டது. பிறகு மறுபடி அந்த அமைதி.

"மோள்!" என்று அவளும் அலறினாள். பதிலில்லை.

மூலை வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். திரைச்சீலை பாதி இழுத்த இருட்டறை. பத்துப்பேர் வரை ஒரே திசையைப் பார்த்து, இமைக்காமல் இருந்தார்கள். எல்லா முகத்திலும் சிவப்பும் வெள்ளையும். இரத்தமென்றே நினைத்தாள். நடுவில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரியின் மடியில், அதே சிவப்பு வெள்ளை முகத்தோடு அவளுடைய பிள்ளை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். "மோள்!"

அத்தனை முகங்களும் திரும்பின. "யா! யா! மோல்!" என்று சிரித்துக் கைதட்டினார்கள். மடியில் வைத்திருந்தவள் தொலைக்காட்சியைக் காட்டினாள். வலைக்குள் பந்து கிடந்தது. அதைத் தொட்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "மோல்."

கோலுக்கு இவர்களுடைய சொல் அது. மேரிசெலினுக்கு விளங்கியது. விளங்கியும் அங்கே நிற்கவில்லை. பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். இரத்தமல்ல, கொடி நிறச் சாயம். போகவில்லை.

"ஏனடி சொல்லாமல் போனனீ?"

"என்னைக் கூப்பிட்டவையம்மா," என்றாள் பிள்ளை.

"ஆர்?"

"எல்லாரும். நான் வந்த உடனை கை தட்டினவை."

"அது உன்னையில்லை, ராசாத்தி. பந்தை."

பிள்ளை நம்பவில்லை. நடக்கவேண்டும் என்று அடம்பிடித்து இறங்கினாள். மேரிசெலின் அந்தச் சின்னக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெறும் தெருவில் இரண்டு பேருடைய காலடிச் சத்தம் மட்டும்.

வீட்டு வாசலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது, இருபக்கமும் வீடுகள் மறுபடி கத்தின.

"ஓம், வாறன்!" என்று பதில் சொல்லி, பிள்ளை கையை உருவப் பார்த்தாள்.