ஒரே மரத்தை இருபத்திரண்டாகக் காட்டியவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக எழுதப்பட வேண்டியதே இல்லை. ஒரு விவசாய இதழ் என்னிடம் ‘சீமை அத்தியில் கவாத்து: காய்ப்பைக் கூட்டும் முறைகள்’ என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தது. மூன்று படங்கள், ஒரு பெட்டிச் செய்தி. அதற்காகத்தான் போன ஆவணியில் தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சர் ரயிலேறிப் பூதலூரில் இறங்கினேன்.

பிரகதீஸ்வரி என்ற பெண்மணி இருபத்திரண்டு அத்தி மரம் வைத்திருக்கிறார், நன்றாகக் காய்க்கிறது என்று சொல்லியிருந்தார்கள். கிளையை எத்தனை கணு விட்டு வெட்டினீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார். குறித்துக்கொண்டேன். எந்த மாதம்? தை. அதையும் குறித்துக்கொண்டேன். வீட்டில் யாராவது ஆட்சேபித்தார்களா என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு மாலை ரயிலையும் தவறவிடும் அளவுக்குப் பேசினார்.

கட்டுரையை இன்றுவரை நான் அனுப்பவில்லை.

2

தொடக்கங்கள்.

‘தை மாதப் பனி புது ஆற்றின் மேல் மெல்ல—’

வேண்டாம். தைப் பனியில் தொடங்கும் கதைகள் நானே நாலு எழுதியிருக்கிறேன்.

‘பிரகதீஸ்வரிக்கு மரத்தை வெட்டக் கை வரவில்லை.’

பொய். அவளுக்கு நன்றாகவே கை வந்தது. அதுதான் கதை. (நேரில் ‘அவர்’ என்றுதான் பேசினேன். கதைக்குள் ‘அவள்’ என்றால்தான் பக்கத்தில் போய் நிற்க முடிகிறது. அனுமதி வாங்கிவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம், இதையே வைத்துக்கொள்வோம்:

பிரகதீஸ்வரியின் கணவன் தமிழரசன் கத்தாரில் பன்னிரண்டு வருடமாக ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். பழப்பெட்டிகளை இறக்கி அடுக்கும் வேலை. வெளியே மணல் கொதிக்கும், உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி அடுக்கும்போது ஒருநாள் ஒரு பெட்டி உடைந்து அத்திப்பழங்கள் உருண்டன. ஒன்றைத் தின்று பார்த்தான். அன்றைக்கே பெண்டாட்டிக்குப் போன் செய்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டில் அத்திக்கன்று வைக்கச் சொன்னான். வைத்தாள். மகள் குந்தவை திருச்சியில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அவளுக்கும் பகலைக் கழிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

நான்கு வருடத்தில் மரங்கள் அவள் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரம் போயின. விரித்த கை மாதிரி அகல அகலமான இலைகள். காய் மட்டும் இல்லை. ஒன்றிரண்டு பிடித்தாலும் சுண்டைக்காய் அளவிலேயே உதிர்ந்துவிடும்.*

தமிழரசனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. தினமும் அங்கே பகல் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு இடைவேளை. இங்கே அப்போது மணி இரண்டரை. வீடியோ காலில் வருவான். “மரத்தைக் காட்டு” என்பான். அவள் போனைத் திருப்பிப் பிடிப்பாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பான்.

“பச்சைப் பசேல்னு இருக்கு. இங்க கண்ணுக்கு ஒரு இலை கிடையாது பிரகதி. அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.”

“சரிங்க.”

“வேற என்ன?”

“ஒண்ணும் இல்லைங்க.”

இரண்டு நிமிடம். சில நாள் அதுகூட இல்லை.

* ‘அத்தி பூத்தாற்போல’ என்ற தொடரை இந்தக் கதையில் எங்குமே பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இந்த அடிக்குறிப்போடு அது பாழானது. போகட்டும். அத்தி பூக்காமல் இருப்பதில்லை. பூவை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு காயாகவே வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

3

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவன் சொன்னான்: “மாசி கடைசியோட கான்ட்ராக்ட் முடியுது. மரம் காய்ச்சா ஊருக்கே வந்து அதைப் பாத்துக்கலாம்னு இருந்தேன். நாலு வருஷமாச்சு, காய்க்கிற மாதிரி தெரியல. இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடட்டுமா?”

அவள் பதில் சொல்வதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

மறுநாளே பஸ் பிடித்துப் பேராவூரணிப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் தௌபீக்கைத் தேடிப் போனாள். அவனிடம்தான் அவள் கன்று வாங்கியிருந்தாள். போனிலிருந்த மரங்களின் படங்களை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

“அக்கா, இதைப் பழத்துக்கு வளக்குறீங்களா, நிழலுக்கா?”

“பழத்துக்குத்தான் தம்பி.”

“அப்ப கவாத்து பண்ணணும். இது புதுசா வர்ற தளிர்லதான் பிஞ்சு பிடிக்கும். பழைய கிளையை அப்படியே விட்டா இலையைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கணும்.”

“எவ்வளவு வெட்டணும்?”

அவன் தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினான். 

(கட்டுரைக்கென்று எடுத்த குறிப்புகளை இங்கேயே கொட்டிவிடுகிறேன், வேறெங்கே போடுவது? மழைக்காலத்தில் வெட்டக் கூடாது, வெட்டுவாய் அழுகும். மழை விட்டதும் இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டு வெட்டவேண்டும். குறுக்கே போகும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, தூரில் முளைக்கும் போத்து எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். மிச்சமிருக்கும் கிளையில் இரண்டு மூன்று கணு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக ஒரே வெட்டு. வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை. வெட்டியதும் வடியும் பால் மேலே பட்டால் கொப்பளிக்கும். முளைக்காமல் தூங்கும் மொட்டு ஏதாவது இருந்தால், அதற்குச் சற்று மேலே பட்டையில் கத்தி முனையால் மெல்லிசாக ஒரு கீறல். மொட்டு விழித்துக்கொள்ளும். புதுத்தளிர் ஆறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடலாம்.

தூங்கும் மொட்டுக்கு மேலே கீறி எழுப்புவது. இதைக் குறித்துக்கொண்ட இடத்தில்தான் கட்டுரை கைவிட்டுப் போனது என்று நினைக்கிறேன்.)

4

பொங்கல் கழிந்த மறுநாள் தௌபீக் வந்து முதல் மரத்தை வெட்டிக் காட்டிவிட்டுப் போனான். மீதியை மூன்று காலையில் அவளே வெட்டினாள். பனி முழங்கால் வரை நிற்கும். வெட்டிய இடத்தில் பால் சொட்டும். கிளை விழும் சத்தம் பனிக்குள் எங்கோ தூரத்தில் கேட்பது போலக் கேட்டதாம். யாரோ வேறொருத்தி வெட்டுகிறாள், நாம் வெறுமனே நின்று பார்க்கிறோம் என்று தோன்றியதாம்.

மூன்றாம் நாள் மோட்டார் ரூமை ஒட்டி நின்ற கடைசி மரத்தின் முன் அரிவாளோடு நின்றபோதுதான் இரண்டரை மணி ஞாபகம் வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள்ளிருந்தே பேசியிருந்தாள். இன்றைக்கு அவன் மரத்தைக் கேட்பான்.

அரிவாளைக் கீழே வைத்தாள்.

அன்று மத்தியானம் அந்த ஒற்றை மரத்தைக் கிழக்கிலிருந்து காட்டினாள். “இது முதல் வரிசைங்க.” நாலடி நகர்ந்து வடக்கிலிருந்து காட்டினாள். “இது வாய்க்கால் பக்கம்.” குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழிருந்து மேலே காட்டினாள். மோட்டார் ரூம் படியில் ஏறி மேலிருந்து காட்டினாள். வெட்டுப்பட்ட மொட்டைகள் எதுவும் கண்ணில் படாமல் நகர்வதற்கு நேரம் பிடித்தது. சும்மா நகர்ந்தால் சந்தேகம் வருமே என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினாள்.

என்ன பேசினாள் என்று கேட்டேன். சேற்றில் சிக்கிய அறுவடை மெஷினைப் பற்றி. கீரிப்பிள்ளை குட்டிகளோடு வரப்பில் வரிசையாகப் போனதைப் பற்றி. அதுவும் தீர்ந்தபோது கனவுகளைப் பற்றி. மரங்கள் எல்லாம் எழுந்து நடந்து புது ஆற்றுக் கால்வாயில் இறங்கிக் குளித்துவிட்டு, இலையை உதறிக்கொண்டு திரும்பி வந்ததாக ஒரு கனவு. அக்கனவை அவள் காணவே இல்லை. நடந்துகொண்டே இட்டுக்கட்டினாள்.

“அப்புறம்?” என்றான் தமிழரசன், சோற்றுக் கை காய.

“அப்புறம் வந்து அவங்கவங்க குழியில நின்னுக்கிச்சுங்க. ஒண்ணு மட்டும் இடம் மாறி நின்னுருச்சு.”

“எது?”

“அதை நாளைக்குச் சொல்றேன்.”

இருபது நிமிடம். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர்கள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை என்றாள்.

5

இங்கே ஒரு சந்தேகம். என் முதல் வரைவில் பிரகதீஸ்வரி புருஷன் திரும்பி வரவேண்டும் என்று ஏங்குகிறாள். அதற்காகவே மரத்தை வெட்டுகிறாள். அழகாக இருந்தது. அதை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

“சார், பாதி சரி. வரணும்னுதான் வெட்டுனேன். ஆனா வெட்டுனப்புறம் அவ்வளவு நாளா தளிர் வரலைல்ல, அப்ப ஒரு நாள், அவங்க வராமலே இருந்துட்டாலும் நல்லதோன்னு தோணுச்சு. பன்னெண்டு வருஷம் சார். நான் இஷ்டத்துக்குச் சாப்பிட்டு, இஷ்டத்துக்குத் தூங்கிப் பழகிட்டேன். அதையும் எழுதுங்க. அவங்க படிச்சாலும் பரவாயில்ல.”

எழுதிவிட்டேன்.

அந்த நாட்கள் லேசானவை அல்ல. வெட்டிய ஒரு வாரத்தில் எதிர்பாராத மழை இரண்டு நாள் பெய்தது. மூன்று மரங்களில் வெட்டுவாய் கறுத்தது. அழுகலைச் சீவி எடுத்து மறுபடி பசை தடவினாள். பால் பட்டு இரண்டு கையும் கொப்பளித்தன. தோசைக்கரண்டியைக்கூடத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. காலையில் இருபத்தொரு மொட்டைகளுக்கு நடுவே போய் நிற்பாள். கொன்றுவிட்டோம் என்று நினைப்பாள். மத்தியானமானால் முகத்தைக் கழுவிக்கொண்டு, பச்சையாக நிற்கும் ஒரே மரத்தைச் சுற்றிவந்து கதை சொல்வாள்.

தளிர் வந்தது. இருபத்து மூன்றாம் நாள் வாய்க்காலோரத்து மரத்தில் பச்சைப் பயறு முளை போல ஒன்று. அப்புறம் ஒவ்வொரு நாளும். மாசி பாதி தாண்டியபோது ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் பட்டாணி அளவில் ஒரு பிஞ்சு.

6

மாசி இருபத்தைந்து, மணி இரண்டரை. தமிழரசன் சாப்பாட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

“பிரகதி, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க.”

“தையல்சிட்டு எல்லா மரத்துலயுமா கூடு கட்டியிருக்கு?”

அவளுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். மரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பெரிய இலையைச் சுருட்டி, பஞ்சால் தைத்து, ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக முதல் வரிசையிலும் வாய்க்கால் பக்கத்திலும் நடுத்தோப்பிலும் அவள் காட்டிய ஒவ்வொரு மரத்திலும் அந்தக் கூடு இருந்திருக்கிறது.

“எப்ப தெரியும்?” என்றாள்.

“நீ காட்ட ஆரம்பிச்சு நாலாவது நாளே.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா நீ வழக்கம்போல ஒண்ணும் இல்லைங்கன்னு போனை வச்சிருவியே.”

(இந்த இடத்தில் என் வரைவில் ஒரு பத்தி இருந்தது. மௌனம், வெயில், இலையசைவு. எடுத்துவிட்டேன்.)

“திருப்புறேன். திட்டாதீங்க” என்றாள் அவள். போனைத் தோப்பின் பக்கம் திருப்பினாள்.

இடுப்புயரத்துக்குக் குட்டையாக்கப்பட்ட இருபத்தொரு மரங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கைப்பிடி இலை. அவள் ஒரு காம்பருகே கொண்டுபோய்ப் பிஞ்சைக் காட்டினாள். அடுத்த மரம், அடுத்த மரம் என்று வரிசையாக நடந்தாள். இந்தத் தடவை பேசவே இல்லை. 

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“கோவமா?”

“ரொம்ப எரிஞ்சிருக்கும்ல?” என்றான்.

“மரத்துக்கா?”

“உன் கைக்கு. போனைப் பிடிச்சிருக்கிற விரல் தெரியுது.”

இந்த வரியை நான் இட்டுக்கட்டியதாகத்தான் நினைப்பீர்கள். என் திறமை அவ்வளவு தூரம் போகாது.

7

முடிவுகள்.

ஒன்று: தமிழரசனுக்கு ஆறு மாதம் முன்பே வேலை போய்விட்டது, அவனும் தினமும் பழைய கிடங்கு வாசலில் உட்கார்ந்து அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தான். கச்சிதமாக இருந்தது. இவ்வளவு கச்சிதமாக யாரும் வாழ்வதில்லை என்று அடித்துவிட்டேன்.

இரண்டு: அவன் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். இருவரும் போனிலேயே சந்தோஷமாக—

நடந்ததையே சொல்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. சித்திரைக் கடைசியில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். பழம் பழுக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஒன்றைப் பிட்டுக் கொடுத்தாள். உள்ளே சிவந்திருந்தது. தின்றான். நன்றாக இருக்கிறது என்றான். அதன் பிறகு பேசுவதற்கு இருவருக்குமே ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் அப்படிப் போனது. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் போல வழிவிட்டு வழிவிட்டு நடந்தார்கள். அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். “குழம்பு?” “போதும்.” அவளுக்குத் தைக்கு முந்தைய இரண்டு நிமிடங்கள் திரும்பிவந்து, நாள் முழுக்க நீண்டுவிட்டதாகத் தோன்றியது. இதற்கா இருபத்தொரு மரத்தை வெட்டினோம் என்றுகூட ஒரு நாள் நினைத்தாளாம்.

எட்டாம் நாள் மத்தியானம் அவள் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகிய போன் அடித்தது. தமிழரசன். வீட்டுக்கும் தோப்புக்கும் நாற்பது தப்படி. கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் அவளுக்குக் கேட்கும்.

எடுத்தாள். திரையில் அவன் முகம். பின்னால் அவர்கள் வீட்டு அடுக்களைச் சுவர்.

“இடம் மாறி நின்ன மரம் எதுன்னு நீ சொல்லவே இல்ல” என்றான்.

கூடையைத் தரையில் வைத்துவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்.

8

இனி என் கையில் இருப்பது ஒரே ஒரு விஷயம். மோட்டார் ரூம் பக்கத்து மரம் இன்னும் வெட்டப்படவில்லை. இந்த வருடமும் அதில் பழம் இல்லை. வெட்டியே ஆகவேண்டும் என்கிறான் தௌபீக். தமிழரசனும் இப்போது கவாத்தின் பக்கம்தான், வெட்டுவோம் என்கிறான். வேண்டாம் என்பவள் பிரகதீஸ்வரி. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்கிறாள்.

நான் கிளம்பும்போது ரயிலடி வரை இருவரும் வந்தார்கள். “எழுதுறவங்க நீங்க, நீங்களே சொல்லுங்க சார்” என்றான் அவன். “அவரைக் கேக்காதீங்க, அவரு எதையும் அடிச்சு அடிச்சுத்தான் எழுதுவாராம்” என்றாள் அவள். வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

இதை எழுதும்போது ஐப்பசி. பூதலூரில் நல்ல மழை என்று தகவல். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. வெட்டுவதானால் மூன்று கணு விட்டு, சாய்வாக, ஒரே வெட்டு. வேண்டாம் என்றால் அரிவாளைக் கீழே வைத்துவிடலாம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?