இருநூற்றுப் பதினான்காம் தீர்ப்பு

மதுஜாவின் விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதம் நாலே வரி. நீலப் பின்னணியில் ஒரு வெள்ளைச் சங்கு தன் கேடயச் சின்னமாக வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சங்கை யாரும் சின்னமாக வைத்திருந்ததில்லை, தவிர அது ஒரு மதத்தின் அடையாளம், ஆகவே ஏற்பதற்கில்லை என்று எழுதி, கழகத்தின் சின்னக்குழுத் தலைவர் ஊர்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சுவிட்சர்லாந்தின் சோலோதுர்னில் இருந்த அந்தக் கழகத்தில் எண்பது பேர்வரை உறுப்பினர்கள். பல் வைத்தியர், பள்ளி ஆசிரியை, ட்ராம் ஓட்டுநர் என்று கிழமை நாட்களில் ஆளுக்கொரு வேலை. வார இறுதியில் எல்லாரும் பதினான்காம் நூற்றாண்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு கூடாரம் அடித்து, வாள் வீசி, விறகடுப்பில் சமைப்பார்கள். ஒவ்வொருவரின் கேடயத்திலும் ஒரு சின்னம் இருக்கும். அது இன்னொருவருடையதைப் போல இருக்கக்கூடாது. அந்தக் காலத்துக்குப் பொருந்தாததாகவும் இருக்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மூன்று பேர் கொண்ட சின்னக்குழு இருந்தது.

மதுஜா சூரிச்சின் ஓர்லிகோனில் பிறந்து வளர்ந்தவள். முப்பத்தொரு வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவள். கழகத்தின் வில்லுப் போட்டியில் இரண்டு முறை வென்றிருந்தாள். வென்றவர்களின் சின்னங்களை மாட்டிவைக்கும் சுவரில் அவளுடைய இடத்தில் இரண்டு வெறும் பலகைகள் தொங்கின. அவற்றைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் அவள் விண்ணப்பமே போட்டாள்.

எந்த அடிப்படையில் மறுத்தீர்கள் என்று கேட்டு அவள் ஊர்ஸுக்கு எழுதினாள். முப்பது வருடத் தீர்ப்புகளும் கழகத்தின் மாதக் கடிதங்களில் இருக்கின்றன, முதலில் அவற்றை வாசித்துவிட்டு வந்து வாதாடுங்கள் என்று பதில் வந்தது. யாராலும் வாசிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். முந்நூற்று நாற்பது கடிதங்கள், எல்லாம் கோணல்மாணலாக ஸ்கேன் செய்து கழகத்தின் இணையத்தளத்தில் போட்டவை. எந்தக் கடிதத்தில் எந்தத் தீர்ப்பு என்று ஒரு பட்டியல்கூட இல்லை.

மதுஜா வாசித்தாள். சரியாகச் சொன்னால், வாசிக்க ஒரு கணினி நிரல் எழுதினாள். அந்த இலையுதிர்காலம் முழுக்க அவளுடைய ஓய்வு நேரம் அதற்கே போனது. ஸ்கேன்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, தீர்ப்பு தீர்ப்பாக வெட்டி, இலக்கம் போட்டு, தேடுவதற்கு ஒரு பக்கம் செய்தாள். கரடி என்று தட்டினால், முப்பது வருடத்தில் கரடி கேட்டவர்கள் எத்தனை பேர், யாருக்குக் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எல்லாம் வந்து நின்றது. நிரலை அவள் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். எழுதியவரின் பெயரை மட்டும் அகற்றக்கூடாது.

முதலில் அவள் தேடியது சங்கு.

தீர்ப்பு 214, ஆண்டு 2009. பச்சையில் மூன்று வெள்ளைச் சங்குகள். கேட்டவர் அந்தப் பல் வைத்தியர். இந்தியாவுக்குச் சுற்றுலா போய் வந்த கையோடு கேட்டிருந்தார். சிப்பிகள் பழைய சின்னங்களில் உள்ளவையே, சங்கும் அந்த வகைதான், ஆட்சேபணை இல்லை என்று தீர்ப்பு. கீழே ஊர்ஸின் கையெழுத்து.

அவள் அதைக் கணவன் யதுசனுக்குக் காட்டினாள். அவன் இரண்டு தரம் வாசித்தான். "உவங்கட விளையாட்டுக்குள்ள உனக்கென்ன வேலை? விட்டிட்டு வா," என்றான்.

"எனக்கு வில்லு எய்யப் பிடிக்கும்," என்றாள் மதுஜா.

அவள் ஊர்ஸுக்குத் தனியாக எழுதவில்லை. தேடல் பக்கத்தின் இணைப்பை, ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல், உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்பினாள்.

ஒரு கிழமைக்குள் கழகம் இரண்டுபட்டது. இன்னொருவருடையதைப் போல இருக்கிறது என்று தனக்கு மறுத்த சிங்கம், மூன்று மாதம் கழித்து ஊர்ஸின் மைத்துனருக்குக் கிடைத்திருப்பதை ட்ராம் ஓட்டுநர் கண்டுபிடித்தார். ஆசிரியை ரெகுலா, ஒரே நாளில் ஒன்றுக்கொன்று முரணாகக் கொடுத்த இரண்டு தீர்ப்புகளைத் தூக்கி எல்லாருக்கும் அனுப்பினாள். வருடக்கணக்காக அடக்கிவைத்திருந்த எரிச்சலெல்லாம் மின்னஞ்சல்களில் கொட்டியது. ஊர்ஸ் எதற்கும் பதில் சொல்லவில்லை. மதுஜாவுக்கு மட்டும் அவரிடமிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தீர்ப்புகளில் உறுப்பினர் பெயர்கள் இருப்பதால் இது தனியுரிமை மீறல், பதினான்கு நாட்களுக்குள் பக்கத்தை எடுக்கவேண்டும் என்று இருந்தது. அதே பெயர்கள் கழகத்தின் சொந்தத் தளத்தில் பத்து வருடமாக யாரும் பார்க்கக் கிடக்கின்றன. ஆனாலும் மதுஜா ஒரே பிற்பகலில் பெயர்களையெல்லாம் முதலெழுத்துகளாக மாற்றிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று எழுதினாள். அதற்கும் பதில் இல்லை.

பதிலுக்குப் பிரசாத் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், சூரிச்சில் ஒரு நிறுவனத்தில் பொறியாளர், வேலை அனுமதியில் வந்து ஏழு வருடம். இரண்டு வருடமாகச் சின்னக்குழுவின் செயலாளர். கழகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஓர்லிகோன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தார்கள்.

"நான் உங்க பக்கம்தான் மதுஜா. ஆனா எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டா அவரு எப்படி இறங்கி வருவாரு? கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. சங்கை நான் பேசி வாங்கித் தரேன்."

"வாங்கித் தாறதோ? அதென்ன பிச்சையோ?"

அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினான். தான் முதலில் யாளி கேட்டதாகவும், மறுத்ததும் ஒரு கோட்டைக் கோபுரத்தை வரைந்து கொடுத்து அதே மாதம் அனுமதி வாங்கிக்கொண்டதாகவும் சொன்னான். தனக்கு அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்றான்.

"ஒண்டும் குறையேல்லை எண்டா, ஏன் அதை இன்னும் ஞாபகம் வச்சுக் கதைக்கிறீங்கள்?" என்றாள் மதுஜா.

பிரசாத்தின் முகம் மாறியது. "உங்களுக்கு இந்த ஊர் பாஸ்போர்ட் இருக்கு. நீங்க சண்டை போடலாம். நான் வருஷா வருஷம் பெர்மிட்டுக்கு நிக்கிறவன். நிரந்தர பெர்மிட்டுக்குப் போடும்போது, இந்த ஊர் ஆளுங்களோட நல்லா கலந்து பழகறான்னு கழகத்துலேர்ந்து ஒரு லெட்டர் குடுக்கறதா ஊர்ஸ் சொல்லியிருக்காரு. அது எனக்கு வேணும்."

"அப்ப உங்கட பக்கத்துக்காகத்தான் வந்தனீங்கள். என்ர பக்கம் எண்டு சொல்லாதேங்கோ."

அவள் எழுந்து போய்விட்டாள்.

மூன்று கிழமை கழித்துக் கழகத்தின் தளத்தில் புதிதாக ஒரு தேடல் பக்கம் வந்தது. 'சின்னக்குழுவின் தயாரிப்பு' என்று மேலே போட்டிருந்தது. நிறம் மாறியிருந்தது, மற்றபடி அது மதுஜாவின் நிரல்தான், அவள் அவசரத்தில் விட்ட ஓர் எழுத்துப்பிழை உட்பட. அவளுடைய பெயர் எங்கும் இல்லை. சங்கு என்று தட்டினாள். முடிவுகள் இல்லை என்று வந்தது. எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு தீர்ப்புகளைக் காணவில்லை. சர்ச்சையானவை எல்லாம் போயிருந்தன. நிரலை மாற்றியவர் யார் என்று உள்ளே பார்த்தபோது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே பிரசாத்தின் பெயர் இருந்தது.

அன்றே எழுத உட்கார்ந்தாள். நிரலை எடுத்தது தப்பில்லை, எடுக்கச் சொல்லித்தான் வெளியிட்டேன். ஆனால் என் பெயரை அழித்தது உரிம மீறல், தீர்ப்புகளை அழித்தது பொய் என்று கழகத்துக்கு எழுதினாள். பெப்ரவரியில் நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வந்தபோது, ஏழாவதாக 'கழகத்தின் அமைதியைக் குலைத்த உறுப்பினரை நீக்குதல்' என்று இருந்தது.

கூட்டம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், ஆரே ஆற்றோரம் ஒரு மண்டபத்தில். ஐம்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். மதுஜாவுக்குப் பக்கத்து இரண்டு நாற்காலிகளிலும் யாரும் உட்காரவில்லை. ஊர்ஸ் குரலை உயர்த்தாமல் இருபது நிமிடம் பேசினார். கழகம் நம்பிக்கையில் நடப்பது, அதை ஒரு நீதிமன்றமாக்க ஒருவர் முயல்கிறார், விருந்தினராக வந்தவர்கள் வீட்டுத் தளபாடங்களை மாற்றிவைப்பதில்லை என்றார். விருந்தினர் என்ற சொல்லில் ரெகுலா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு தேடல் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் காட்டலாமா என்று மதுஜா கேட்டாள். நேரம் இல்லை என்றார்கள். அவள் எழுந்து நின்று, 214ஆம் தீர்ப்பைக் கடதாசியிலிருந்து வாசித்தாள். பிறகு தனக்கு வந்த மறுப்புக் கடிதத்தை வாசித்தாள். மூன்றாம் வரிசையிலிருந்த பல் வைத்தியர், இதில் தன்னை இழுக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார்.

மதுஜா முன்மேசையிலிருந்த பிரசாத்தின் பக்கம் திரும்பினாள்.

"பிரசாத், நாற்பத்தொரு தீர்ப்பையும் அழிச்சது ஆர்?"

தமிழில்தான் கேட்டாள். எல்லாருக்கும் புரியும் மொழியில் பேசும்படி ஊர்ஸ் சொன்னார். பிரசாத் அவளைப் பார்க்காமல், அது சின்னக்குழு சேர்ந்து எடுத்த முடிவு என்று ஜெர்மனில் சொன்னான்.

கை உயர்த்தச் சொன்னார்கள். நீக்க வேண்டும் என்று இருபத்தொன்பது, வேண்டாம் என்று இருபத்துமூன்று, மூன்று பேர் எந்தப் பக்கமும் இல்லை. பிரசாத்தின் கை உயர்ந்ததை அவள் பார்த்தாள். தோள்வரைக்கும்தான் உயர்ந்தது, ஆனால் எண்ணினார்கள்.

அதற்குப் பிறகு ரெகுலா எழுந்தாள். அழித்த தீர்ப்புகளைத் திரும்பப் போடவேண்டும், இனி எதையும் அழிக்கக்கூடாது, நிரலை எழுதியவரின் பெயரையும் போடவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். அது முப்பத்தெட்டுக் கைகளோடு நிறைவேறியது. மதுஜாவை வெளியே அனுப்பக் கை உயர்த்தியவர்களில் பாதிப்பேர் இதற்கும் உயர்த்தினார்கள். அவளுடைய வேலை அவர்களுக்கு வேண்டியிருந்தது. மதுஜா அப்போது மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறி ரயிலேறினாள். ஓல்ட்டன் நிலையம் வரும்வரை அழுதாள். கவலையால் அல்ல, கோபத்தால்.

அட்லிஸ்வில் பக்கம் ஒரு வில்லுக் கழகம் இருந்தது. சின்னம், கூடாரம், பழைய உடுப்பு ஒன்றும் இல்லை. இலக்கு, அம்பு, புள்ளி, அவ்வளவுதான். மார்ச்சில் அங்கே சேர்ந்தாள். அதற்குள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதே பொழுதுபோக்குக் கழகங்கள் நாலைந்து அவளுடைய நிரலை எடுத்துத் தங்கள் தீர்ப்புகளைத் தேடத் தொடங்கியிருந்தன. சிலர் திருத்தங்களும் அனுப்பினார்கள்.

ஏப்ரலில் நிரலின் பொதுப் பக்கத்தில் ஒரு பிழை அறிக்கை வந்தது. ஜெர்மனில் சிங்கம் என்று தேடினால் பழைய கடிதங்கள் அகப்படவில்லை. அவற்றில் அந்தச் சொல்லை வேறு எழுத்துக்கூட்டலில் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள் என்று விவரமாக எழுதியிருந்தது. எழுதியவன் பிரசாத். கடைசி வரி மட்டும் தமிழில் இருந்தது: நல்லா இருக்கீங்களா மதுஜா? ஊர்ஸ் சொன்ன லெட்டர் இன்னும் வரல.

யதுசன் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "பேசாமல் விடு, கிடந்து தேடட்டும்," என்றான்.

மதுஜா நிரலைத் திறந்து பார்த்தாள். பிழை உண்மைதான். தன்னுடைய பிழை. அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடத்தில் அதைத் திருத்தி வெளியிட்டாள். அறிக்கையின் கீழே ஜெர்மனில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: சரிசெய்யப்பட்டது. பிறகு அறிக்கையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள்.