வெள்ளை படியாத கெட்டில்

காய்ச்சல் போகும்போது தன் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றுதான் பெரியவள் நம்பியிருந்தாள்.

அக்காவும் தங்கையுமாக நடத்திய தேயிலைக் கடை அது. சின்னவள் கீழே கல்லாவில் இருப்பாள். வியாபாரிகளோடு மல்லுக்கட்டிப் பேரம் பேசி இலை வாங்குவாள். பெரியவள் மாடியறையில் ஒவ்வொரு இலையையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊறவைத்து, சத்தமாக உறிஞ்சிப் பார்ப்பாள். அவள் கண்ணை மூடிப் புன்னகைத்தால் இலை டப்பாவுக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் வந்த வழியே திரும்பிப் போகும். தெருவில் எல்லோருக்கும் அவள் 'நாக்கக்கா'.

அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். தேநீர் கொஞ்சம் ஆறினால் போதும், பாலாடை மாதிரி மெல்லிய படலம் மேலே மிதக்கும். ஆனாலும் பெரியவள் அந்தத் தண்ணீரில்தான் ருசி பார்ப்பாள்.

"கேன் தண்ணியில போட்டா வைக்கோல்கூட மணக்கும். வாங்கிட்டுப் போறவங்க குழாயைத் திறந்துதானே போடப்போறாங்க?" என்பாள்.

அவளுக்கென்று ஒரு மண் கெண்டியும் இருந்தது. உள்ளே பூச்சில்லாத, உள்ளங்கையில் அடங்குகிற கருஞ்சிவப்புக் கெண்டி. நாள்பட்ட கறுப்புத் தேயிலையைத் தவிர வேறொன்றையும் அது பார்த்ததில்லை. பூச்சில்லாத மண் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். வெறும் வெந்நீரை ஊற்றினாலே அதிலிருந்து மழையில் நனைந்த மரத்தின் வாசம் எழும். முரட்டு இலையைப் போட்டால் அதன் காரத்தையும் கருகலையும் உறிஞ்சிக்கொண்டு சாதுவாக்கிக் கொடுக்கும். அதனாலேயே சோதனைக்கு அவள் அதைத் தொடுவதில்லை. சாயங்காலம் வேலை முடிந்தபின் தனக்கு மட்டும் போட்டுக்கொள்வாள்.

பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. எழுந்தபோது கால்கள் துணிப்பொம்மையின் கால்களாகத் துவண்டன. சின்னவள் அவளை மாடியறை நாற்காலியில் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றிவிட்டாள்.

"நீ அசையவே கூடாது. கீழேயே போட்டு, கிண்ணத்துல ஊத்திக் கொண்டு வரேன். மகாராணி மாதிரி உட்கார்ந்து குடி, போதும்."

மகாராணி குடித்தாள். கரியில் வறுத்த ஒரு புது இலை. பூவாக மணந்தது, தொண்டையில் தேனாக இறங்கியது. கண்ணை மூடிச் சொன்னாள், "அருமைடீ. எங்க புடிச்ச இதை?" தங்கையின் கண்கள் நிறைந்துவிட்டன. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுகிறாளே என்று பெரியவள் சிரித்தாள்.

அந்த இலை டப்பா டப்பாவாக விற்றது. அதே வேகத்தில் திரும்பியும் வந்தது. முதலில் வந்தவர் எதிர்க்கடைத் தையல்காரர்.

"நாக்கக்கா, உங்க இலையைப் போட்டுக் குடிச்சேன். அதுக்கப்புறம் எங்க மாமியார் பேச்சே இனிக்குது, அவ்வளவு கசப்பு! ஒரே கருகல் வாசம்."

அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். பெரியவள் மறுபடியும் அதே இலையைக் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தாள். மறுபடியும் பூ, மறுபடியும் தேன். ஊரே கருகல் என்கிறது, தனக்கு மட்டும் தேனாக இனிக்கிறது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என் நாக்கு செத்துப்போச்சு போலடீ" என்றாள்.

சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு அக்காவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "காய்ச்சல்னா அப்படித்தான்கா. விடு. நான் இருக்கேன்ல?"

அந்த மடியில் பெரியவள் வாய்விட்டு அழுதாள். தலைமுடியைக் கோதிய விரல்கள் நிற்கவே இல்லை. இனிமேல் ருசி பார்ப்பது சின்னவள் என்று அன்றைக்கே முடிவானது. அடுத்த வாரம் இலை வியாபாரி வரும்போது அவரிடம் சொல்லிவிடலாம் என்றும் பேசிக்கொண்டார்கள்.

அவர் வருகிற அன்று காலை, சின்னவள் சந்தைக்குப் போயிருந்தாள். பெரியவளுக்குக் காலில் பலம் திரும்பியிருந்தது. கொடுக்கிற பொறுப்பைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று கீழே சமையல்கட்டுக்கு இறங்கி, கெட்டிலைக் கழுவ வினிகர் பாட்டிலை எடுத்தாள். காய்ச்சலுக்கு முந்தின நாள் கழுவியது. இத்தனை நாளில் அடியில் முட்டை ஓட்டின் கனத்துக்கு வெள்ளை ஏறியிருக்க வேண்டும்.

மூடியைத் திறந்தாள். கெட்டில் கண்ணாடியாக மின்னியது. உள்ளே தன் முகமே தெரிந்தது.

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு, மாடிக்கு வந்த கிண்ணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை நேரம் ஆறினாலும் ஒன்றில்கூட ஆடை கட்டவில்லை. கண்ணும் மங்கிவிட்டதென்று அல்லவா நினைத்திருந்தாள்! சுற்றிலும் பார்த்தாள். கோதுமை மாவு டின்னுக்குப் பின்னால் காலித் தண்ணீர் கேன்கள் நின்றன.

அலமாரியிலிருந்து தன் கெண்டியை எடுத்தாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது, மூக்கு மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வெந்நீர் ஊற்றி, மூடி, காத்திருந்து, ஒரு மடக்கு குடித்தாள். நனைந்த மரம் வந்தது. அதன் அடியிலிருந்து, தீய்ந்த அடுப்பங்கரை மாதிரி, கருகல் வந்தது. ஊரே சொன்ன அதே கருகல். கேன் தண்ணீர் மணத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. கெண்டி கருகலைத் தான் விழுங்கிக்கொண்டு தேனை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறது.

நாக்கு சாகவில்லை. வெறும் வெந்நீரில் ஒளிந்திருந்த இலையைக்கூடக் கண்டுபிடித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய அந்தக் கணத்தில் அவளுக்கு நினைவு வந்ததெல்லாம் தலைமுடியைக் கோதிய விரல்கள்தான். கெண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சின்னவள் பையோடு உள்ளே வந்தாள். "என்னக்கா, கீழ உட்கார்ந்திருக்க?"

"கெட்டில்ல வெள்ளையே படியலையே, ஏன்டீ?"

"நான் கழுவியிருப்பேன்."

"நீயா? உன் டிபன் டப்பாவையே நான்தான் கழுவுறேன்."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் அக்காவின் மடியில் இருந்த கெண்டியைக் கண்டாள். பையைக் கீழே வைத்தாள்.

"முதல் தடவை சும்மா ஒரு ஆசைக்குத்தான்கா செஞ்சேன். நான் வாங்கிட்டு வந்த எதையாவது நீ ஒரு தடவையாவது உடனே நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கியா? வியாபாரிங்க முன்னாடி உதட்டைப் பிதுக்குவ. நான் மூட்டையைத் திருப்பிக் கட்டணும். அன்னிக்கு நீ அருமைன்னு சொன்னப்ப..."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொருத்தரா திருப்பிக் கொண்டுவந்தாங்க. எப்படிக்கா சொல்றது?"

"அதனால என் நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லிட்ட."

"நான் சொல்லல. நீயாத்தான் சொன்ன." சின்னவள் தரையைப் பார்த்தாள். "நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" பெரியவள் கெண்டியை நீட்டினாள். "இதை நீயே வச்சுக்கோ. எத்தனை தடவை கொதிக்கவச்சாலும் இது இனி பழையபடி ஆகாது."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு இருவரும் கடைப்பக்கம் வந்தார்கள். இலை வியாபாரி வந்துவிட்டார், கையில் புது இலைப் பொட்டலம். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை வாங்கி, அவசரமாகச் சமையல்கட்டுக்கு ஓடினாள்.

வியாபாரி உட்கார்ந்தபடி கேட்டார், "இனிமே சின்னவங்கதான் ருசி பார்க்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்?"

"தப்பாச் சொல்லியிருக்காங்க. நான்தான் பார்ப்பேன்" என்றாள் பெரியவள். "போன தடவை குடுத்தீங்களே கருகின இலை, மிச்ச மூட்டையை இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

"அது நல்லாயிருக்குன்னு நீங்கதானே..."

"காய்ச்சல்ல சொன்னது."

அதற்குமேல் அவள் விளக்கவில்லை. தங்கையைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அதற்காகத் தன்மீதே எரிச்சலாக வந்தது.

சின்னவள் இரண்டு கைகளாலும் கிண்ணத்தை ஏந்தி வந்து அக்கா முன்னால் வைத்தாள். வெள்ளைப் பீங்கான். வியாபாரிக்குக் கேட்காமல் குனிந்து சொன்னாள், "குழாய்த் தண்ணிதான்கா. சத்தியமா. கிண்ணத்துலதான் போட்டேன்."

பெரியவள் பார்த்தாள். தேநீரின் மேல் மெல்லிய படலம் மிதக்கத் தொடங்கியிருந்தது. சொன்னது உண்மைதான், கண்ணுக்கே தெரிகிறது. குடிக்கலாமென்று கையை நீட்டினாள். விரல்கள் கிண்ணத்தின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டன.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். கெட்டிலில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்து, தானே நிரப்பி அடுப்பில் வைத்தாள். அது கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். வெளியே மேசையில், தங்கை வைத்த கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.