ஒழுங்கை முழுவதற்கும் ஒரு பூசணிக்காய்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேணிப் பாலோடு வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, எங்கே சுட்டாய் என்று யாரும் கேட்கக்கூடாது.

எங்கள் ஒழுங்கை, அதாவது எங்கள் சின்னத் தெரு, தொடங்குகிற முகப்பில் ஒரு பால் நிலையம் இருந்தது. காலையில் தகரப் பேணியோடு வரிசையில் நின்றால் பால்மாவைச் சுடுநீரில் கரைத்து ஊற்றுவார்கள். நான் குடித்து வளர்ந்த பால் அது. ஒருநாள் அம்மாவிடம், "உந்தப் பாலை ஆரம்மா எங்களுக்குக் கொண்டந்தது?" என்று கேட்டேன். அரசாங்கம் என்று சொல்வார், இல்லாவிட்டால் கடவுள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பூசணிக்காய்."

நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பூசணிக்காய்க்கு மட்டுமல்ல.

2

தொடக்கம், முதல் முயற்சி: "செம்மண் பூமியாம் வலிகாமத்திலே யுத்தத்தின் கொடுங்கரங்கள்—"

வேண்டாம். கொடுங்கரங்களை நான் கண்டதில்லை. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் கூப்பன் அரிசியைப் பற்றித்தான் பேசினார்கள்.

இரண்டாம் முயற்சி: "செல்வநாயகி பேரழகி. அவருடைய கண்கள்—"

இதுவும் வேண்டாம். ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணைப் பேரழகி என்று அறிமுகப்படுத்தினால், அவர் என்னைத் தூக்கித் தராசில் தொங்கவிட்டுவிடுவார்.

மூன்றாவது: உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், ஒரு வெயில் காலத்தில், கீரிமலைக்குப் போகும் தெருவிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றுக்குள் செல்வநாயகி கொக்கித் தராசோடு நுழைந்தார். அரியாலைப் பெண், எங்கள் பகுதிக்காரர்தான். சென்னைக்குப் போய் உணவும் சத்தும் பற்றிப் படித்துத் திரும்பியவர். கிராமத்துச் சனம் உண்மையில் என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு சாப்பிடுகிறது என்று வீடு வீடாக நிறுத்துப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் செல்வநாயகிக்கு மட்டும் தெரியும். அவர் பார்க்கிற ஒழுங்கைகளில் சாப்பாடு ஆகக் குறைவான ஒன்றுக்குத்தான் பிள்ளைகளுக்கான பால் நிலையம் கிடைக்கும். இதை வெளியே விடக்கூடாது என்பது கொழும்பிலிருந்த மேலதிகாரியின் கட்டளை. தெரிந்தால் சனம் உள்ளதை ஒளித்துவிட்டு இல்லையென்று சொல்லுமாம்.*

* அந்தத் துரைக்கு எங்கள் சனத்தைத் தெரியாது. எங்கள் சனம் இல்லாததை இரவல் வாங்கி உண்டென்று காட்டும்.

3

முதல் வீடு சிவக்கொழுந்துவினுடையது. கணவர் மார்க்கண்டு தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருந்தார். அடுப்படியில் மகள் குணலட்சுமி நின்றார். (இவர்தான் பின்னாளில் என் அம்மா. கதைக்குள் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன். கோபிக்க மாட்டார்.)

குணலட்சுமிக்குச் சம்பந்தம் பேசி, முடிகிற தறுவாயில் இருந்தது. மாப்பிள்ளை, ஊர் அதிகாரியான விதானையாரின் தங்கை மகன். செல்வநாயகி எழுதுகிற தாள்களெல்லாம் விதானையாரின் கையெழுத்துக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும். சட்டி காலியென்று அதில் ஏறினால் சம்பந்தமும் காலி. அதுதான் சிவக்கொழுந்துவின் பயம்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. முதல்லை தேத்தண்ணி குடியுங்கோ."

"அடுப்படியை ஒருக்காப் பாக்கவேணும் அக்கா. இண்டைக்கு என்ன சமையல்?"

"சோறுதான். பூசணிக்காய்க் கறி வைக்கப்போறம். எங்களுக்கென்ன பிள்ளை, ஒரு குறையுமில்லை."

பூசணிக்காய் வந்தது. நல்ல பெரிய காய். வேலிக் கதியால் தடியோடு நெருங்கி வளர்ந்ததால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. செல்வநாயகி கொக்கியில் தொங்கவிட்டு, முள் நின்ற இடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு, மூலையில் சுளகால் மூடியிருந்த பானையைத் திறக்கப் போனார்.

"அது மாட்டுக்கு," என்றார் சிவக்கொழுந்து அவசரமாக.

அந்த வீட்டில் மாடு இல்லை.

இரண்டாவது வீடு தம்பிராசாவினுடையது. அங்கேயும் முதலில் தேத்தண்ணீர். அங்கேயும் பூசணிக்காய்க் கறிதானாம். காய் வந்தது, ஒரு பக்கம் பள்ளம். மூன்றாவது, முத்துக்குமாருவின் வீடு. தேத்தண்ணீர், பூசணிக்காய், பள்ளம். இந்த முறை பின்வேலிக்கு அந்தப்புறம் யாரோ மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது.

நடந்தது இதுதான். செல்வநாயகி ஒழுங்கையால் வந்தார். பூசணிக்காய் பின்வேலிப் பொட்டுகளால் வந்தது. பொட்டு என்றால் வேலியில் அயலார் நுழைந்து போய்வர விட்டிருக்கும் இடைவெளி. ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிகிற நேரம் அதற்குப் போதும். அதைத் தூக்கிக் காவி ஓடியவர் குணலட்சுமி.

4

இந்த இடத்தில் எனக்குச் செல்வநாயகி மேல் ஒரு சந்தேகம். அரியாலையில் பிறந்தவருக்கு, எங்கள் வீடுகளில் வந்த ஆளிடம் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள் என்பது தெரியாதா? முதல் வீட்டிலேயே விளங்கியிருக்க வேண்டுமே. பிறகு ஏன் மூன்று வீட்டுத் தேத்தண்ணீரையும் குடித்தார்?

எனக்குத் தோன்றுகிற பதில்: படிப்பு. தராசு சொல்வதை மட்டும் எழுது என்று அவருக்குப் படிப்பித்திருந்தார்கள். தராசும் பொய் சொல்லவில்லை. மூன்று வீட்டிலும் முள் ஒரே இடத்தில்தான் நின்றது.

(ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு மாலைக்கண் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். காட்டுவதற்கென்று பொத்திவைத்த பூசணிக்காயே அதற்கு மருந்தாகும். கதை வெகு அழகாக முடியும். ஆனால் அங்கே வேலிக்கு வேலி முருங்கை நின்றது, அதன் இலையும் கண்ணுக்கு நல்லது. நான் பொய் எழுதினால் முருங்கை சாட்சி சொல்லும். விட்டுவிட்டேன்.)

மாலைக்கண் இல்லை; பசி இருந்தது. தம்பிராசா வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையைச் செல்வநாயகி தூக்கி நிறுத்தியபோது, அது கால் பிடிக்காமல் அவருடைய சேலையைப் பற்றிக்கொண்டு அப்படியே சரிந்து இருந்துவிட்டது. அதற்குப் பால் வேண்டும். பூசணிக்காயை வீட்டுக்கு வீடு எழுதினால் இது செழித்த ஒழுங்கை. பால் வேறெங்கோ போய்விடும். உண்மையை எழுதினால் வீட்டுப் பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும். விதானையார் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசிப்பார். சிவக்கொழுந்து வீட்டில் அரிசி இல்லை என்று வாசிப்பார். அதோடு குணலட்சுமியின் கல்யாணம்—

(இந்த வசனத்தை என்னால் முடிக்க முடியாது. முடித்தால் நான் பிறக்கமாட்டேன்.)

5

செல்வநாயகி பென்சிலைக் கொண்டைக்குள் செருகினார்.

"முத்துக்குமாரு அண்ணை, எனக்குச் சரியான பசி."

எங்கள் பக்கத்தில் இதற்கு மிஞ்சின ஆயுதம் கிடையாது. முத்துக்குமாரு துடித்துப்போனார்.

"ஐயோ பிள்ளை, இரு, இப்ப உடனை—"

"தனியச் சாப்பிடமாட்டன். எல்லா வீட்டுப் பூசணிக்காயையும் இஞ்சை கொண்டரச் சொல்லுங்கோ. ஒரே பானையிலை கூழ் காய்ச்சுவம்."

முத்துக்குமாரு பூசணிக்காயைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். "எல்லா வீட்டுப் பூசணிக்காயும் எண்டால்..."

"ஓம். எல்லாந்தான்."

வேலிக்குப் பின்னால் குணலட்சுமி வாயைப் பொத்தியும் சிரிப்பு வெடித்துவிட்டது. அது தம்பிராசாவுக்குத் தொற்றியது. கடைசியில் பொட்டுக்குள்ளால் சிவக்கொழுந்து வந்தார், கையில் கத்தியோடு.

"எல்லா வீட்டுப் பூசணிக்காயும் உதுதான் பிள்ளை. கண்டுபிடிச்சிட்டியள், பிறகென்ன? வெட்டுவம்." கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "கூழுக்கு உது மட்டும் காணாது. குணம், அந்த மாட்டுப் பானையை எடுத்துக்கொண்டா."

மாட்டுப் பானைக்குள் அவித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டின் முழுச் சாப்பாடும் அதுதான்.

சோற்றுக்குத்தான் மானம், மரியாதை எல்லாம். கூழுக்குள் எதைப் போட்டாலும் வெட்கமில்லை. தம்பிராசா வீட்டிலிருந்து, காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா ஒரு சிரட்டை வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து முருங்கையிலை. முத்துக்குமாரு புளியும் உப்பும் கொண்டுவந்தார். அவரிடம் அவ்வளவுதான் இருந்தது. பானைக்குள் போகுமுன் ஒவ்வொன்றையும் செல்வநாயகி நிறுத்தார். யார் வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் எழுதவில்லை. ஒழுங்கை உண்மையில் எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்பது அந்த ஒரு பானையைச் சுற்றித் தானாகவே வந்து கூடிவிட்டது.

குணலட்சுமி கூழ் குடிக்க ஆளுக்கொரு பிலாவிலையை, பலா மரத்து இலையை, கிண்ணம்போல் கோலி, ஈர்க்குக் குத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் சேத்துக் கோலும்," என்றார் செல்வநாயகி.

"உங்களுக்கு வேறையாக் கோப்பையிலை..."

"வேண்டாம். நானும் இண்டைக்கு இந்த ஒழுங்கைதான்."

அவர் எழுதிய அறிக்கையில் வீட்டுப் பெயர்களே இல்லை. இந்த ஒழுங்கை ஒரே அடுப்பில் சாப்பிடுகிறது, ஆளுக்கு விழுகிற பங்கு இவ்வளவு என்று இருந்தது. விதானையார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, எல்லாரும் ஒண்டாயோ சாப்பிடுகினம்?"

"ஓம் ஐயா. நானும் கூழ் குடிச்சனான்."

அவர் கையெழுத்துப் போட்டார். மாரிக்கு முன்னம் பால் நிலையம் வந்தது. தம்பிராசாவின் பிள்ளை தன் காலில் நடந்துபோய் வரிசையில் நின்றது. தை மாதம் குணலட்சுமிக்குக் கல்யாணம். பிறகு நான், என் பேணியோடு.

6

முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

(அ) கொழும்பில் அறிக்கையைப் பாராட்டினார்கள். செல்வநாயகி பெரிய பேராசிரியரானார். (எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை.)

(ஆ) வீடு வீடாக எழுதச் சொன்னோம், ஒழுங்கையாக எழுதியிருக்கிறாயே என்று அந்தத் துரை கோபித்தார். ஆராய்ச்சி அத்தோடு—

(இதை எழுதக் கை வரவில்லை. நடந்திருக்கவும் கூடும்.)

(இ) வளர்ந்தபின் நான் அரியாலைக்குப் போகிறேன். வீட்டைத் தேடிப் பிடித்துப் படலையைத் தட்டுகிறேன். செல்வநாயகி திறக்கிறார். நான் நன்றி சொல்ல வாயெடுக்க, அவர் முந்திக்கொண்டு, "சாப்பிட்டியோ தம்பி?" என்கிறார். இந்த இடத்தை மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் சாப்பிட இருந்துவிட்டேன். நன்றி சொல்ல மறந்துபோனது.

உண்மையில் அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. என் அம்மாவின் மானத்தையும் என் எலும்பையும் காப்பாற்றிய பெண்ணுக்குப் பொய்யாக ஒரு முடிவு எழுத மனம் ஒப்பவில்லை. அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஒரேயொரு வேண்டுகோள்: எதை எழுதினாலும் அவரைப் பசியோடு விட்டுவிடாதீர்கள்.

வெறுங்கையோடு கேட்கவில்லை. பிலாவிலை ஒன்று கூடுதலாகக் கோலி வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு. கிட்ட வந்து இருங்கள், கூழ் ஆறப்போகிறது.